எதுலயும் ஒட்டாத நியூட்ரினோவ, வெடிக்கிற நட்சத்திரத்துக்குள்ள இருக்குற சுழி என்ன பண்ணிட முடியும்?

குடமுருட்டிக்காரன்:
மூணு நாளா மண்டைய குடையுற ஒரு டவுட்டு. நாத்தங்காலுக்கு தண்ணி வைக்க ராத்திரி போனேன், கரண்டு இல்ல, மோட்டார் கொட்டாய் வாசல்ல ஒக்காந்து போன்ல ஒரு வீடியோ பாத்துகிட்டு இருந்தேன். பெரிய நட்சத்திரம் வெடிக்கும்போது உள்ள ஒரே கொந்தளிப்பா இருக்கும், டர்புலன்ஸ், அது வெளிய வர்ற நியூட்ரினோவ மாத்தி விட்டுரும்னு ஒருத்தர் சொல்றார். ஆனா அதே மனுஷன்தான் பத்து நிமிஷம் முன்னாடி, நியூட்ரினோ எதுலயும் முட்டாது, ஒரு ஒளியாண்டு தடிமனுக்கு ஈயத்த அடுக்கி வச்சாலும் பாதி அந்தப்பக்கம் போய்டும்னு சொன்னார். ரெண்டும் எப்படிங்க சரியா இருக்கும்? ஈயத்துக்கே அடங்காதது சுழிக்கு அடங்குமா? எம்பொண்ணு பத்தாவது படிக்குது, அதுகிட்ட பெருமையா சொல்லப்போய் அது இதே கேள்விய திருப்பி கேட்டுருச்சு, "இருடா தங்கம் கரண்டு வந்துருச்சு"ன்னு நழுவி வந்துட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கும்மோணம்_டிகிரிகாப்பி:
யோவ், மீத்தேன், ஹைட்ரோகார்பன், நியூட்ரினோன்னு மூணையும் ஒரே மூச்சுல கத்தி ஊர்வலம் போன ஊருய்யா இது, இங்க வந்து நியூட்ரினோவான்னு கேக்குறியே 😄 நான் ரொம்ப நாள் அதுவும் பூமிக்கு அடியில ஓட்ட போட்டு உறிஞ்சுற வாயுன்னுதான் நெனச்சுகிட்டு இருந்தேன், சத்தியமா.

வெண்ணாத்தங்கரை:
நீங்க மட்டும் இல்ல, எங்க காலேஜ்ல முதல் வருஷம் வர்ற புள்ளைங்கள்ள பாதி பேரு அப்படித்தான் வருதுங்க. நியூட்ரினோ எடுக்குற பொருள் கெடையாது. இத நீங்க படிக்கிற நேரத்துலயே சூரியன்லேர்ந்து வர்றது உங்க கட்டைவிரல் நகத்து வழியா வினாடிக்கு கிட்டத்தட்ட 6500 கோடி போய்கிட்டுதான் இருக்கு, ராத்திரின்னா பூமிக்கு அடியிலேர்ந்து கட்டில் வழியா வரும். தேனி பொட்டிப்புரத்துல மலைய கொடஞ்சு வைக்கலாம்னு பேசுனது அத பாக்குற கருவிய, 50,000 டன் இரும்பு. அந்த மலைய கொடையலாமா கூடாதாங்குறது வேற சண்டை, அதுக்கு தனி இழை இருக்கு, இங்க கொண்டு வராதீங்க.

குடமுருட்டி தம்பி கேட்ட கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. நாளைக்கு பரிச்சை பேப்பர் திருத்தணும், முடிச்சுட்டு வந்து எழுதுறேன்.

அவசர_அய்யாசாமி:
சிம்பிள். நியூட்ரினோ ஒளிய விட வேகமா போகும். 1987ல வெடிச்ச நட்சத்திரத்துலேர்ந்து வெளிச்சம் வர்றதுக்கு 3 மணி நேரம் முன்னாடியே நியூட்ரினோ வந்துருச்சு. வேகமா போறத சுழி புடிக்காது. வீடியோ போட்டவன் கதை விடுறான்.

வெண்ணாத்தங்கரை:
@அவசர_அய்யாசாமி அண்ணே, வேகமா வரல, சீக்கிரம் கெளம்புச்சு. காலைல 4 மணி பஸ்ஸ புடிச்சவரு 7 மணி பஸ்ல வந்தவர விட முன்னாடி தஞ்சாவூர்ல எறங்குனா அவரு பஸ்ஸு வேகம்னு அர்த்தமா? நட்சத்திரத்தோட நடு உருண்டை நொறுங்குன ஒடனே நியூட்ரினோ கெளம்பிடும். வெளிச்சம் கெளம்பணும்னா வெடிப்போட அதிர்ச்சி அலை உள்ளேர்ந்து நட்சத்திரத்தோட தோல் வரைக்கும் வந்து சேரணும், அதுக்குத்தான் அந்த சில மணி நேரம். 2011ல இத்தாலில ஒரு சோதனைல ஒளிய விட வேகம்னு ஒரு முடிவு வந்துச்சு, கடைசில பாத்தா ஒரு ஆப்டிகல் ஃபைபர் கேபிள் சரியா சொருகல.

அந்த 1987 சமாச்சாரம் கேக்கவே சிலிர்க்கும். பிப்ரவரி 23, திங்கக்கிழமை, நம்ம நேரத்துக்கு மத்தியானம் 1 மணி 5 நிமிஷம். இங்க எல்லாரும் சாப்பாட்டுல ஒக்காந்துருப்பாங்க. பக்கத்து குட்டி கேலக்ஸி பெரிய மெகல்லன் மேகத்துல வெடிச்சது, 1,68,000 ஒளியாண்டு தூரம். அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்தும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாவும் ஆயிரம் கோடிக்கு மேல நியூட்ரினோ போச்சு. நம்ம ஊருக்கு அந்த நேரம் அந்த மேகம் அடிவானத்துக்கு கீழ இருந்துச்சு, அதனால தரைய தொளைச்சுகிட்டு, எலைய தொளைச்சுகிட்டு, சாதத்த தொளைச்சுகிட்டு மேல போயிருக்கும். ஒலகம் பூரா நியூட்ரினோ கருவிங்க புடிச்சது ஜப்பான் கமியோகாண்டேல 11, அமெரிக்கால ஐஎம்பில 8, ரஷ்யா பக்ஸன்ல 5. மொத்தம் 24. அந்த 24ஐ வச்சு எழுதுன பேப்பர் ஆயிரத்த தாண்டும்.

கும்மோணம்_டிகிரிகாப்பி:
24 உருப்படிக்கு ஆயிரம் பேப்பரா. எங்க பட்டா மாறுதலுக்கு கூட அவ்ளோ பேப்பர் கேக்கல.

சட்ரஸ்_மாமா:
நட்சத்திரம் எனக்கு தெரியாது, தண்ணி தெரியும். 31 வருஷம் ஆத்துப் பாசனத்துல வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். சுழி பத்தி பேச்சு வந்ததால ஒண்ணு கேக்குறேன், வெண்ணாத்தங்கரை அம்மா சொல்லட்டும். சட்ரஸ், அதான் மதகு, கீழ பலகைய லேசா தூக்குனா தண்ணி அடியில பீச்சிகிட்டு வரும், ஒரு அடி ஒசரந்தான் இருக்கும் ஆனா காலு நிக்காது, அவ்ளோ வேகம். கொஞ்ச தூரம் கண்ணாடி மாதிரி வழவழன்னு ஓடி திடீர்னு ஒரு எடத்துல செவுரு மாதிரி எழும்பி நொரை தள்ளி கொதிக்கும், அதுக்கப்புறம் மெதுவா ஆழமா போகும். ஹைட்ராலிக் ஜம்ப்ம்போம். அந்த செவுரு அதே எடத்துலயே நிக்கும், தண்ணிதான் அது வழியா போய்கிட்டே இருக்கும். நீங்க சொல்ற அதிர்ச்சி அலையும் இப்படி ஒரே எடத்துல நிக்குமா? அப்படின்னா கொந்தளிப்பு எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு புரிஞ்ச மாதிரி இருக்கு.

வெண்ணாத்தங்கரை:
மாமா, நீங்க தெரியாதுன்னு சொல்லிட்டு தெரிஞ்சவங்களுக்கே பாடம் எடுக்குறீங்க. அப்படியே அதேதான். பிரான்ஸ்ல ஃபோக்லிசோன்னு ஒரு விஞ்ஞானி, 2012ல வெடிக்கிற நட்சத்திரத்துக்குள்ள நடக்குறத தண்ணித் தொட்டில செஞ்சே காட்டுனார். வட்டத் தொட்டி, சுத்தி எல்லாப் பக்கத்துலேர்ந்தும் தண்ணி நடுவுல இருக்குற குழிய பாத்து ஓடும், நடுவழில ஒரு வட்டமா அந்த ஜம்ப் நிக்கும். கொஞ்ச நேரத்துல அந்த வட்டம் தானா இந்தப்பக்கம் அந்தப்பக்கம் தளும்ப ஆரம்பிச்சுரும், யாரும் ஆட்டி விட வேணாம்.

நட்சத்திரத்துல என்ன ஆவுதுன்னா, நடுவுல இரும்பு உருண்டை சேந்துகிட்டே வரும், சூரியனப்போல ஏறக்குறைய 1.4 மடங்கு ஆனதும் தாங்காது. அது சந்திரசேகர் எல்லை, விஞ்ஞானி சந்திரசேகர் பேருல. 1930ல கப்பல்ல இங்கிலாந்து போகும்போது அவரு போட்ட கணக்கு, அப்ப வயசு 19. அவரு சித்தப்பா சர் சி.வி.ராமன் பொறந்தது நம்ம திருவானைக்காவல்ல, கொள்ளிடத்துக்கும் காவேரிக்கும் நடுவுல. (சந்திரசேகர் பின்னாடி டர்புலன்ஸ் மேலயும் வருஷக்கணக்கா வேலை பாத்தார், அது நெறைய பேருக்கு தெரியாது.) சரி, அந்த உருண்டை பூமி சைஸ்லேர்ந்து ஒரு வினாடிக்குள்ள சில பத்து கிலோமீட்டரா நொறுங்கும், அதுக்கு மேல நசுங்காதுன்னு எதுத்து உதைக்கும், அந்த ஒதையிலதான் அதிர்ச்சி அலை கெளம்பும். கெளம்பி 150 கிலோமீட்டர் வாக்குல திணறி நின்னுரும். மேலேர்ந்து பொருள் கொட்டிகிட்டே இருக்கும், அலை அங்கயே நிக்கும், மாமா சொன்ன செவுரு.

நின்னத மறுபடி தள்ளி விடுறது யாருன்னா நியூட்ரினோதான். வெடிக்கிற மொத்த சக்தில 99 சதவீதம் நியூட்ரினோவாதான் போகுது, நம்ம கண்ணுக்கு தெரியுற வெளிச்சம் அதுல தம்மாத்துண்டு. அந்த நியூட்ரினோல சில சதவீதம் அலைக்கு பின்னாடி இருக்குற பொருள்ல மாட்டி சூடேத்தும். அடியில சூடு, மேல ஆறிப்போனது, அப்ப என்ன ஆகும்?

குடமுருட்டிக்காரன்:
உலை கொதிக்கும்!

வெண்ணாத்தங்கரை:
உலை கொதிக்கும். அரிசி மேல வந்து கீழ போற மாதிரி சூடான பொருள் குமிழ் குமிழா மேல ஏறும், ஆறுனது நாக்கு நாக்கா கீழ எறங்கும், அந்த கொதிப்போட அழுத்தமும் சேந்துதான் அலைய வெளிய தள்ளுதுன்னு கம்ப்யூட்டர் கணக்குங்க காட்டுது. அப்ப தம்பி, உள்ள, நடுவுல, அடர்த்தி பயங்கரமா இருக்குற எடத்துல, நியூட்ரினோ நெசமாவே முட்டும். ஒரு கனசென்டிமீட்டர் ஒரு லட்சம் டன் கனக்குற எடம் அது, அதுல நியூட்ரினோவே சிக்கி வெளிய கசிய சில வினாடி ஆகும். 1987ல அந்த 24ம் ஒரேடியா வராம 10 வினாடிக்கு மேல பரவி வந்தது அதனாலதான்.

அவசர_அய்யாசாமி:
ஒத்துக்குறேன், பஸ் உதாரணம் சரி. ஆனா கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. அந்த எடத்த தாண்டி வெளிய வந்துருச்சு, இனிமே எதுலயும் முட்டாது. அப்புறம் சுழி அத என்ன பண்ணும்?

வெண்ணாத்தங்கரை:
வர்றேன் வர்றேன், கொழம்பு அடுப்புல இருக்கு.

நியூட்ரினோல மூணு ரகம் இருக்கு. எலக்ட்ரான் ரகம், மியூ ரகம், டாவ் ரகம். நம்ம ஆளுங்களுக்கு சொல்லணும்னா ஆடுதுறை 43, ஆந்திரா பொன்னி, சி.ஆர். 1009 மாதிரி வச்சுக்கங்க. ஆனா நெல்லுக்கு இல்லாத ஒரு கொணம் இதுக்கு இருக்கு. ஆடுதுறை 43ன்னு வெதைச்சு விட்டா போற வழியிலயே அது பொன்னியா மாறும், திரும்ப 43 ஆகும். இத 1998ல ஜப்பான் சூப்பர் கமியோகாண்டேலயும், அப்புறம் கனடா சட்பரிலயும் கண்டுபுடிச்சாங்க, 2015ல நோபல் குடுத்தாங்க.

இப்ப முக்கியமான எடம். முட்டுறது வேற, வழியில இருக்குறத உணர்றது வேற. கண்ணாடி டம்ளர்ல தண்ணி ஊத்தி கரண்டிய போட்டா கரண்டி ஒடைஞ்ச மாதிரி தெரியுதுல்ல? தண்ணி அந்த வெளிச்சத்த நிறுத்தல, அழிக்கல, ஆனா தண்ணி வழியா வந்த வெளிச்சம் பழைய வெளிச்சம் இல்ல. நியூட்ரினோவும் அப்படி. பொருளுக்குள்ள எலக்ட்ரான் இருக்கு, எலக்ட்ரான் ரக நியூட்ரினோவுக்கு மட்டும் அது கொஞ்சம் கூடுதலா உறைக்கும், மத்த ரெண்டுக்கு உறைக்காது. அதனால பொருளோட அடர்த்தி மாற மாற ரகம் மாறுற விதமும் மாறும். குறிப்பிட்ட ஒரு அடர்த்தில இந்த மாத்தம் உச்சத்துக்கு போகும். இந்த கணக்க வுல்ஃபென்ஸ்டைன்னு ஒரு விஞ்ஞானி 1978ல ஆரம்பிச்சு வச்சார், மிகெயெவும் ஸ்மிர்னோவும் 1985ல முடிச்சு வச்சாங்க. சூப்பர்நோவா, அதாவது வெடிக்கிற நட்சத்திரம், அதுலேர்ந்து வர்ற நியூட்ரினோவுக்கு அந்த முக்கியமான எடம் ஒரு கனசென்டிமீட்டருக்கு சில ஆயிரம் கிராம் அடர்த்தி, மையத்துலேர்ந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி.

அடர்த்தி மெதுவா சீரா கொறைஞ்சுகிட்டே போனா, நல்ல சரிவுல வாய்க்கால் போற மாதிரி, ரகம் ஒழுங்கா மாறும், எத்தன சதவீதம் எதுவா மாறும்னு கணக்கு போட்டு சொல்லிடலாம். ஆனா வெடிச்ச சில வினாடி கழிச்சு அந்த அதிர்ச்சி அலை அதே எடத்துக்கு வந்து சேரும், பின்னாடியே கொந்தளிப்பையும் இழுத்துகிட்டு வரும். இப்ப சரிவு சீரா இல்ல. இங்க அடர்த்தி, அங்க நொரை, மறுபடி அடர்த்தி. நேரா போற ஒரு நியூட்ரினோ அந்த முக்கியமான அடர்த்திய ஒரு தடவைக்கு பதில் அம்பது தடவ ஏறி எறங்கி கடக்கும். ஒவ்வொரு தடவையும் மாறலாம், மாறாம போகலாம். கொந்தளிப்பு ரொம்ப பலமா இருந்தா கடைசில ஒண்ணு இதா அதான்னு காசு சுண்டிப் பாக்குற நெலம, பாதிக்கு பாதி.

குடமுருட்டிக்காரன்:
அப்ப தடுக்கல, அடிக்கல, ஆளையே மாத்தி விடுது. வெதை நெல்லு ஒரு ரகம் வாங்கி வந்து மொளைச்சு கதிர் வந்தப்புறம் பாத்தா வயல் பூரா கலவன் நிக்கிற மாதிரி. போன சம்பாவுக்கு எனக்கு அப்படித்தான் ஆச்சு, ஒரு கடையில மூட்டைல சீல் எல்லாம் சரியா இருந்துச்சு, வயல்ல ஒசரமும் குட்டையுமா நின்னுச்சு, கேட்டா "உங்க மண்ணு அப்படி"ன்னுட்டாரு.

சட்ரஸ்_மாமா:
தம்பி, கலவனுக்கு மண்ண குத்தம் சொல்றவன நம்பாத. அத விடு. அந்த அம்மா சொன்னத நான் இப்படி புரிஞ்சுகிட்டேன். கடைமடைல இருக்குறவன் கல்லணைய பாத்துருக்க மாட்டான், ஆனா வாய்க்கால்ல வர்ற தண்ணியோட கலர பாத்தே மேல புதுத் தண்ணி வந்துருக்கா, எவனாவது கரைய ஒடைச்சானான்னு சொல்லிடுவான். நியூட்ரினோவ பாத்து உள்ள நடந்தத சொல்றதும் அதுதானே? ஆனா வழியில சுழி பூந்து கலக்கி விட்டா கலர வச்சு என்னத்த சொல்ல முடியும்?

வெண்ணாத்தங்கரை:
இந்த துறைல மண்டைய ஒடைச்சுக்குற விஷயமே அதான் மாமா. 2002 வாக்குல என்ன சொன்னாங்கன்னா, அதிர்ச்சி அலை அந்த முக்கியமான அடர்த்திய கடக்கும்போது நியூட்ரினோ கணக்குல ஒரு பள்ளமோ மேடோ தெரியும், சக்தி கம்மியான நியூட்ரினோல மொதல்ல தெரியும், அப்புறம் சக்தி கூடுனதுல தெரியும், அத வச்சு உள்ள அலை எந்த நேரத்துல எங்க இருந்துச்சுன்னு பூமில ஒக்காந்து பாக்கலாம்னு. பிரமாதமான யோசனை. 2006ல வேற சிலர், இருங்க, பின்னாடி கொந்தளிப்பு வருதே, அது அந்த பள்ளம் மேட்ட பூசி மொழுகிடுமேன்னாங்க. ரெண்டுமே உண்மைதான், எவ்ளோ பூசும்ங்குறது கொந்தளிப்போட பலத்த பொறுத்தது. அடர்த்தில ஒரு சதவீதம் ஏத்த எறக்கமா பத்து சதவீதமாங்குறதுல கதையே மாறிடும்.

என் சொந்த கருத்து, பூசுனாலும் பரவால்ல. பூசியிருக்குங்குறதே உள்ள கொந்தளிப்பு இருந்துச்சுங்குறதுக்கு சாட்சி. கலங்கல் தண்ணி வந்தா மேல வெள்ளம்னு தெரியுதுல்ல.

திருவாதிரை_களி:
லேட்டா வந்தேன். ஒரே ஒரு கேள்வி, திருவாதிரை நட்சத்திரம் வெடிக்கப் போகுதுன்னு 2019லயே சொன்னாங்களே, மங்கிருச்சுன்னு. சிதம்பரத்துக்காரங்க நாங்க கொஞ்சம் பதட்டமாவே இருக்கோம், மார்கழில தரிசனத்துக்கு நட்சத்திரம் வேணுமே.

வெண்ணாத்தங்கரை:
களி கிண்டுங்க, ஒண்ணும் ஆகல. அது மங்குனது அது துப்புன பொருள் ஆறி தூசியாகி முன்னாடி மறைச்சதால. வெடிக்கும், நிச்சயம், ஆனா இன்னும் பல்லாயிரம் வருஷம் கூட ஆகலாம். நம்ம கேலக்ஸில கடைசியா வெறுங்கண்ணால பாத்த சூப்பர்நோவா 1604ல. தஞ்சாவூர்ல நாயக்கர் ஆட்சி. நூறு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு வெடிக்கணும்னு கணக்கு, அந்த வகையில நமக்கு பாக்கி இருக்கு. இப்ப வெடிச்சா 24 இல்ல, சூப்பர் கமியோகாண்டேல மட்டும் ஆயிரக்கணக்குல விழும். சீனால ஜூனோன்னு ஒரு நியூட்ரினோ கருவி 20,000 டன் திரவத்தோட 2025 ஆகஸ்ட்ல ஓட ஆரம்பிச்சுருச்சு. ஒரு கருவி ஒரு ரகத்த நல்லா புடிக்கும், இன்னொண்ணு இன்னொரு ரகத்த, எல்லாத்தையும் ஒண்ணா வச்சு பாத்தாதான் கலவன் எவ்ளோன்னு தெரியும்.

குடமுருட்டிக்காரன்:
அப்டேட்டு. பொண்ண கூட்டிகிட்டு சாயங்காலம் சட்ரஸ் போனேன், மாமா சொன்ன செவுர காட்டலாம்னு. மதகு பாத்துக்குற லஸ்கர் மொதல்ல வெரட்டுனாரு, செல்ஃபி எடுக்க வந்து விழுந்து வைக்கிறீங்கன்னு. நட்சத்திரம் பத்தி பாக்க வந்தோம்னதும் ஒரு மாதிரி பாத்துட்டு, கம்பிக்கு இந்தப்பக்கமே நில்லுங்கன்னு விட்டாரு. நெசமாவே கண்ணாடி மாதிரி வந்து ஒரே கோட்டுல எழும்பி நிக்குது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில் அந்த நொரையில மாட்டி வெளியவும் போக முடியாம உள்ளயும் போக முடியாம பத்து நிமிஷம் குதிச்சுகிட்டே இருந்துச்சு.

பொண்ணு ஒண்ணு கேட்டுச்சு அக்கா. செவுத்த தாண்டி கீழ அலை வருதுல்ல, பெருசு, சிறுசு, பொடிசுன்னு எல்லா சைஸ்லயும் வருது. நியூட்ரினோவ எந்த சைஸ் மாத்தும், பெருசுதானேன்னு.

வெண்ணாத்தங்கரை:
அந்த புள்ளைய எங்க காலேஜுக்கு அனுப்புங்க.

பெருசு இல்ல. ஊஞ்சல்ல ஆளு ஒக்காந்துருக்கு, பலமா ஒரே தள்ளு தள்ளுறத விட, அது வந்து திரும்புற நேரத்துக்கு சரியா சுண்டுவிரலால தொட்டு விட்டாலே ஒசரம் ஏறிகிட்டே போகும்ல? நியூட்ரினோ ரகம் மாறி திரும்ப பழைய ரகத்துக்கு வர்றதுக்கு ஒரு நீளம் இருக்கு, அந்த முக்கியமான அடர்த்தி இருக்குற எடத்துல அது சில பத்து கிலோமீட்டர். நட்சத்திரமோ கோடிக்கணக்கான கிலோமீட்டர். அந்த கொந்தளிப்புல இருக்குற ஆயிரம் சைஸ் அலைல இந்த சில பத்து கிலோமீட்டர் சைஸோட ஒத்துப்போற பொடி அலை எதுவோ அதுதான் மாத்தும், அது எவ்ளோ சின்னதா இருந்தாலும். பெரிய கம்ப்யூட்டர்ல நட்சத்திரத்த வெடிக்க வைக்கிறவங்க அவ்ளோ தூரம் தள்ளி அந்த பொடி சைஸ் வரைக்கும் கட்டம் கட்டி பாக்குறது ரொம்ப கஷ்டம். அதனால பெரிய அலைலேர்ந்து சின்ன அலைக்கு எவ்ளோ சக்தி எறங்குதுன்னு 1941ல கோல்மோகரோவ்னு ஒரு ரஷ்ய கணித மேதை சொன்ன விதிய வச்சு பொடிய தாங்களே தூவிக்குவாங்க.

சட்ரஸ்_மாமா:
அந்த விதி ஆத்துக்கும் அதேதான்மா.

குடமுருட்டிக்காரன்:
படிச்சு காட்டிட்டேன். "அப்ப பாட்டில் சைஸ் அலைன்னா பாட்டில ஆட்டும், உதுந்த எல சைஸ் அலைன்னா எலைய ஆட்டும்"னுச்சு. சரியாக்கா?

வெண்ணாத்தங்கரை:
சரி. நியூட்ரினோ சக்தி மாறுனா அந்த நீளமும் மாறும், அதனால ஒரு நியூட்ரினோவுக்கு பாட்டில், இன்னொண்ணுக்கு எல. அதையும் சொல்லிடுங்க.